கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டால் கதை தோற்றுவிட்டதா? லேசான மர்மக் கதைகளையும் சிறுகதைகளையும் எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“கொலையாளி யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன், அதனால் கதை சுமார்தான்.” துப்பறியும் கதைகளைப் பற்றி அதிகம் காதில் விழும் தீர்ப்பு இது. முதல் பாதி உண்மையாகவே இருக்கட்டும். அதிலிருந்து இரண்டாம் பாதி எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

கண்டுபிடிப்பதில் இரண்டு வகை உண்டு. ஆசிரியர் வைத்த துப்புகளைக் கோத்து விடைக்கு வந்து சேர்வது ஒன்று. அப்படி வந்திருந்தால் கதை துப்புகளை நேர்மையாக வைத்திருக்கிறது என்று பொருள், அது குறையாகாது. பழக்கத்தால் ஊகிப்பது மற்றொன்று. இவர் எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசுகிறார், கதையில் இவருக்கு வேறு வேலையே இல்லை, ஆகவே இவர்தான் என்று நிறையப் படித்தவருக்குத் தானாகவே தோன்றிவிடும். இந்த ஊகத்தில் தெரிவது வாசகரின் அனுபவம். கதையின் தரம் அதில் தெரிவதில்லை. எல்லோரையும் மாற்றி மாற்றிச் சந்தேகித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்பவர்கள் மூன்றாம் வகை. அவர்களை விட்டுவிடலாம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: விடை தெரிந்த பிறகும் மிச்சப் பக்கங்கள் உங்களைப் பிடித்து வைத்திருந்தனவா? ஆம் என்றால், அந்தக் கதையில் புதிரைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது. அது என்னவென்று சொல்வதுதான் நல்ல கருத்து.

சிறுகதையில் இந்த அளவுகோல் இன்னும் மோசமாகப் பொய்க்கும். இருபது பக்கத்தில் நான்கைந்து பேருக்கு மேல் நடமாட இடமில்லை. ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் துப்பறிகிறார். மிச்சம் இரண்டு மூன்று பேர். கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலும் சரியாக அமைய நல்ல வாய்ப்பு உண்டு. தேர்ந்த ஆசிரியருக்கு இந்தக் கணக்கு தெரியும். அதனால் ‘யார்’ என்பதை ஒளிக்க மெனக்கெடாமல் ‘எப்படி’, ‘ஏன்’ என்ற கேள்விகளின் பக்கம் கதையைத் திருப்பிவிடுவார். உள்ளே தாழிட்ட அறைக்குள் அது எப்படி நடந்தது? திருட வந்தவன் நகையை விட்டுவிட்டுக் கிழிந்த குடையை ஏன் எடுத்துப் போனான்? இப்படிப்பட்ட கதையைப் படித்துவிட்டு ‘ஆள் யாரென்று முன்பே தெரிந்துவிட்டது’ என்று சொன்னால், ஆசிரியர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மதிப்பெண் கேட்கிறோம்.

பழைய கதை, பிந்திய விதி

இன்று நாம் அறிந்த துப்பறியும் கதை பிறந்ததே சிறுகதையாகத்தான். எட்கர் ஆலன் போ 1841இல் வெளியிட்ட ‘ரூ மோர்க் கொலைகள்’ கதையையே பெரும்பாலோர் அதன் தொடக்கமாகக் கொள்கிறார்கள். ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் நாவல்கள் 4, சிறுகதைகள் 56. அந்தச் சிறுகதைகளில் பலவற்றில் கொலை கிடையாது. சிலவற்றில் சட்டப்படி குற்றம் என்று சொல்லத்தக்க எதுவுமே நடப்பதில்லை. பிணம் விழாத மர்மக் கதை ஏதோ அண்மைக்காலத்துச் சமரசம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஹோம்ஸ் தரையில் குனிந்து எதையோ பொறுக்கி உறையில் போட்டுக்கொள்வார். அது என்னவென்று முடிவில்தான் சொல்வார். இன்று படிப்பவருக்கு எரிச்சலாக இருக்கிறது. துப்பை மறைத்தது ஏமாற்று வேலை என்று சொல்லிவிடுகிறார். ஆனால் துப்புகள் அனைத்தையும் வாசகர் முன் வைத்தே ஆக வேண்டும் என்ற உடன்பாடு உறுதிப்பட்டது அதற்கு ஒரு தலைமுறை கழித்துத்தான். துப்பறியும் கதைகளும் எழுதிவந்த ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929இல் பத்து விதிகளைத் தொகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். துப்பறிபவர் கண்டதை உடனே வாசகருக்கும் காட்ட வேண்டும். தற்செயல் அவருக்குக் கைகொடுக்கக் கூடாது. ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது என்று அது போகும். பாதி விளையாட்டாக எழுதியவைதாம். ஆனாலும் 1930இல் லண்டனில் துப்பறியும் கதாசிரியர்கள் தங்களுக்கென ஒரு மன்றம் தொடங்கியபோது, முக்கியமான துப்பை வாசகரிடம் மறைக்கமாட்டேன் என்பது அங்கே எடுத்துக்கொள்ளும் உறுதிமொழியின் ஒரு பகுதியாகவே ஆயிற்று.

ஆகவே 1892இல் வந்த ஹோம்ஸ் கதையிடம் 1929இன் விதியைக் கேட்பது நியாயமில்லை. அங்கே வாசகருக்குப் பார்வையாளர் இருக்கைதான். ஒருவர் யோசிக்கும் அழகைப் பார்க்க அழைத்திருக்கிறார்கள், கூடவே போட்டியிட அழைக்கவில்லை. போட்டிதான் வேண்டுமென்றால் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக் கதைகளை எடுக்கலாம். அவையும் எல்லாமே விதிக்கு அடங்கியவை அல்ல, அதுவும் நல்லதுக்குத்தான்.

‘முடிவு எங்கிருந்தோ வந்து குதித்தது’

இந்தக் குற்றச்சாட்டைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பின்னோக்கிப் புரட்டிப் பார்க்க வேண்டும். லேசான மர்மக் கதைகளைப் பெரும்பாலோர் படிப்பது தூங்கப்போகும் முன், பயணத்தில், அல்லது வேறொரு வேலைக்கு நடுவில். கவனம் சிதறும் அந்த நேரங்களை நம்பித்தான் துப்புகளே ஒளிக்கப்படுகின்றன என்று தோன்றும்.

ஒளிக்கும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. மேசைமேல் இருந்த ஐந்தாறு பொருள்களை அடுக்கிச் சொல்லும்போது முக்கியமானது நடுவில் இருக்கும். முதலும் கடைசியும்தான் நம் மனத்தில் தங்கும் என்று ஆசிரியருக்குத் தெரியும். ஒரு நகைச்சுவைக்குச் சற்று முன்னால் இன்னொன்று இருக்கும்; சிரித்துவிட்டு நாம் அதை மறந்துவிடுவோம். ஊரில் யாரும் மதிக்காத வம்புக்காரர் சொல்வதில் ஒன்று உண்மையாக இருக்கும்.

லேசான கதைகளுக்கே உரிய இன்னோர் இடமும் உண்டு: பொழுதுபோக்குப் பகுதிகள். இவற்றில் துப்பறிபவர் காவல் அதிகாரியாக இருப்பது குறைவு. நூலகர், ஓய்வுபெற்ற ஆசிரியை, தோட்டக்கலையில் பித்துப்பிடித்தவர் என்று யாராவது ஒருவர். அவர் எந்தச் செடி எந்தப் பருவத்தில் பூக்கும் என்று அரைப் பக்கம் பேசுவார். நாம் தாண்டிப் போவோம். அந்தப் பருவத்தில் பூக்கவே பூக்காத பூவைச் சன்னல் வழியாகப் பார்த்ததாக வேறொருவர் சொன்ன பொய்க்கு விடை அந்த அரைப் பக்கத்தில்தான் கிடக்கும்.

முழுக் கதையையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை. குற்றவாளி முதன்முதலாக வரும் காட்சியை மட்டும் எடுத்துப் படியுங்கள். அவர் சொல்லும் ஏதோ ஒரு வரி இப்போது இரண்டு பொருள் தருகிறது என்றால் ஆசிரியர் தம் வேலையைச் செய்திருக்கிறார். ஒன்றுமே இல்லை என்றால் உங்கள் புகார் நிற்கும், தயங்காமல் சொல்லலாம்.

இளக்காரமும் அளவுமீறிய மன்னிப்பும்

சின்னஞ்சிறு ஊர், புத்தகத்துக்கு ஒரு கொலை, தொடர் முழுவதும் சேர்த்தால் ஊரே காலியாகியிருக்க வேண்டும். காவல்துறைக்குப் புலப்படாதது நூலகருக்கு மட்டும் புலப்படுகிறது. இதையெல்லாம் குறையாகச் சொல்பவர் இந்த வகையின் அடிப்படை ஒப்பந்தத்தையே ஏற்காதவர். வன்முறை கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் நடக்கும், துக்கம் அளவோடு இருக்கும், முடிவில் ஊர் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் அடங்கியவை. பிடிக்காவிட்டால் படிக்காமல் இருக்கலாம். படித்துவிட்டு நம்பும்படி இல்லை என்று சொல்வதில் பயனில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. எனக்கு அதுதான் கூடுதல் கெடுதலாகப் படுகிறது. ‘பொழுதுபோக்குக் கதைதானே, இதில் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது’ என்று எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது. கொலைக்கான காரணம் கடைசி அத்தியாயத்தில் முதன்முதலாகத் தெரியவருகிறதா, அது மோசமான கதை. ஆதாரம் எதுவும் இல்லாத நிலையில் குற்றவாளி தானே முன்வந்து மூன்று பக்கத்துக்கு ஒப்புதல் வாக்குமூலம் தருகிறாரா, ஆசிரியருக்கு வேறு வழி தெரியவில்லை என்று பொருள். அதுவரை புத்திசாலியாக இருந்தவர், ஆபத்து வேண்டும் என்பதற்காகவே யாரிடமும் சொல்லாமல் இரவில் தனியாகக் கொலையாளியைத் தேடிப் போவது எனக்குத் துளியும் பிடிக்காத ஒன்று. ஒரு நல்ல கதாபாத்திரத்தை ஒரே அத்தியாயத்துக்காக முட்டாளாக்குவதை லேசான கதை என்ற பெயர் நியாயப்படுத்தாது.

தொடர் நூல்களைப் பற்றி ஒன்று மட்டும். முதல் நூலை வைத்துத் தொடரையே தள்ளிவிட வேண்டாம். ஊரையும் மனிதர்களையும் அறிமுகப்படுத்தும் சுமையிலேயே அது களைத்துப்போயிருக்கும். நடுவில் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். ஒரு நூலின் புதிர் அதோடு முடிந்துவிடும் என்றாலும், யார் யாரை மணந்தார், சில நேரம் முந்தைய குற்றவாளி யார் என்பதுகூடப் பிந்தைய நூல்களில் போகிற போக்கில் வெளிவரும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

தொகுப்பை நாவல்போல் படிப்பது

ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க அளவில் இருப்பதுதான் சிறுகதையின் பலம் என்று போ 1842இல் எழுதிய ஒரு மதிப்புரையில் வாதிட்டார். இடையில் நிறுத்தினால் ஒருமித்த உணர்வு சிதைந்துவிடும் என்பது அவர் கருத்து. ஒரு கதையை ஒரே அமர்வில் படிக்கச் சொன்னதை நாம் ஒரு தொகுப்பையே ஒரே அமர்வில் படிப்பதாக மாற்றிக்கொண்டுவிட்டோம். ஒரு கதையின் கடைசி வரி மனத்தில் இறங்குவதற்குள் அடுத்த கதையின் முதல் வரி வந்து நின்றுவிடுகிறது. ஐந்தாவது கதைக்கு வரும்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்ற சலிப்பு. அந்தச் சலிப்பைக் கதையின் தலையில் கட்டிவிடுகிறோம்.

ஹோம்ஸின் முதல் 12 சிறுகதைகள் 1891 ஜூலை முதல் 1892 ஜூன் வரை ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் மாதத்துக்கு ஒன்றாக வந்தவை. ஒவ்வொன்றிலும் அதே அறை, அதே நாற்காலி, வந்தவரின் கையையும் காலணியையும் பார்த்தே தொழிலைச் சொல்லும் அதே வித்தை. புத்தகமாகப் படிப்பவருக்கு இது திரும்பத் திரும்ப வருவதாகத் தெரியும். ஒரு மாதம் காத்திருந்தவருக்கோ, புதிதாக இதழை வாங்கியவருக்கோ அது தேவையாக இருந்தது. கதைகளுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி விட்டுப் படித்தால் இந்தக் குறையில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

தொகுப்புக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் போடும் பழக்கமும் எனக்குச் சரியாகப் படவில்லை. பன்னிரண்டில் இரண்டு அபாரம், நான்கு பரவாயில்லை, மற்றவை மோசம் என்றால் சராசரி என்ன சொல்லும்? அந்த இரண்டு எவை என்று சொல்லுங்கள். மற்றவருக்கு உதவுவது அதுதான்.

‘இதை நாவலாக எழுதியிருக்கலாம்’ என்பதைப் பாராட்டாக நினைத்துச் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அதன் உட்பொருள், கதை முடிந்த பிறகும் அந்த மனிதர்களோடு இருக்க ஆசை என்பதுதான். அந்த ஆசையை எழுப்பியது சொல்லாமல் விட்ட பகுதிகள். அவற்றை நிரப்பினால் ஆசையும் போய்விடக்கூடும்.

திறந்த முடிவைப் பற்றிய கோபம் இதற்கு உறவு. ஃபிராங்க் ஸ்டாக்டன் 1882இல் எழுதிய புகழ்பெற்ற கதை ஒன்றில் இரண்டு கதவுகள். ஒன்றின் பின்னால் பெண், மற்றதன் பின்னால் புலி. எது திறந்தது என்று சொல்லாமலே கதை நின்றுவிடும். (இதைச் சொல்வதால் முடிவு கெட்டுவிடாது, கெடுவதற்கு அங்கே முடிவு இல்லை.) இதை ஆசிரியரின் சோம்பல் என்று சொல்ல முடியாது. எந்தக் கதவைத் திறப்பது என்று காதலனுக்குச் சைகை காட்டும் இளவரசியின் பொறாமையையும் காதலையும் இரு பக்கமும் சமமாக எடையிட்டு வைத்திருக்கிறார். விடைக்கு வேண்டியது எல்லாம் கதையிலேயே இருக்கிறது. அது இல்லாமல், எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்திய கதைகளும் ஏராளம். வேறுபாட்டைப் பிடிக்க ஒரு வழி, முடிவை நீங்களே இரண்டு விதமாகச் சொல்லிப் பார்ப்பது. இரண்டுமே கதையோடு பொருந்தி, இரண்டும் வெவ்வேறு விதமாக உறுத்தினால் அது வேண்டுமென்றே திறந்து வைத்த முடிவு. இரண்டாலும் எந்த மாற்றமும் இல்லை என்றால் கதையில் அங்கே ஒன்றும் இல்லை.

சொல்லும்போது கெடுப்பது

பெயரைச் சொல்லாவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைக்கிறோம். ‘கடைசியில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது’ என்பதே பாதியைக் கெடுத்துவிடும். கேட்டவர் முதல் பக்கத்திலிருந்தே எல்லோரையும் முறைத்துக்கொண்டு படிப்பார். ‘மருத்துவர்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை’ என்பது வெளிப்படையான காட்டிக்கொடுப்பு. ‘இது அந்தக் கதையின் உத்தியேதான்’ என்று இன்னொரு நூலோடு ஒப்பிட்டால் ஒரே வாக்கியத்தில் இரண்டு புத்தகங்களைக் கெடுத்துவிடலாம்.

நாவலைப் பற்றிப் பேச முதல் கால்பகுதி தாராளமாக இடம் தரும்: யார், எங்கே, என்ன நடந்தது, துப்பறிபவரின் பேச்சு எப்படி இருக்கிறது, சிரிக்க வைக்கிறதா. சிறுகதையில் அந்த இடமும் கிடையாது. எட்டுப் பக்கக் கதையென்றால் அது எந்தச் சூழலில் தொடங்குகிறது, படித்து முடித்ததும் நமக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு வரி சொல்லலாம். மூன்றாவது வரிக்குப் போனால் அநேகமாகக் கதையையே சொல்லிக்கொண்டிருப்போம்.