எத்தனை பங்கு வாங்கினால் போதும்? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு தொடங்கிக் கொஞ்ச நாளானவர்கள் பலரிடம் நாலே நாலு பங்குதான் இருக்கும். இல்லையென்றால் ஆளாளுக்குச் சொன்னதை வாங்கிப் போட்டு அறுபதில் வந்து நிற்கும். இரண்டையும் சரிசெய்ய ஒரு எக்செல் ஷீட் போதும்.

படி 1: பட்டியல் போடுங்கள்

நம் டீமேட் பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் நிறுவனங்களான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் மின்னஞ்சலில் அனுப்பும் சிஏஎஸ் (ஒருங்கிணைந்த கணக்கு) அறிக்கையை எடுங்கள். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் இரண்டும் அதில் இருக்கும். ஒவ்வொன்றின் இன்றைய மதிப்பையும், மொத்தத்தில் அது எத்தனை சதவீதம் என்பதையும் எழுதுங்கள். வாங்கிய விலை இங்கே வேண்டாம்.

படி 2: துறையை எழுதுங்கள்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஹெச்டிஎஃப்சி பேங்க், ஐசிஐசிஐ பேங்க், எஸ்பிஐ, ஆக்சிஸ், பஜாஜ் ஃபைனான்ஸ் என்று ஐந்து பெயர் இருந்தாலும் ஐந்தும் கடன் கொடுக்கும் தொழில். வாராக்கடன் கூடினால் சேர்ந்தே இறங்கும். டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோவும் அப்படித்தான்; அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தால் மூன்றுக்கும் அடி. இதோடு ஒரு நிஃப்டி 50 ஃபண்டும் (ஐம்பது பெரிய கம்பெனிகள் கொண்ட நிஃப்டி குறியீட்டை, அதாவது இண்டெக்ஸை, அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட்) வைத்திருந்தால் இதே வங்கிகளை அதன் வழியாகவும் வாங்கியிருக்கிறீர்கள். அந்த இண்டெக்ஸில் நிதித் துறைக்குத்தான் பெரிய இடம். ஒரு துறை 25 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள் என்பது என் கணக்கு.

படி 3: ஒரு பங்குக்கு உச்சவரம்பு

2 லட்சம் ரூபாயை நான்கு பங்குகளில் சமமாகப் போட்டு, ஒன்று பூஜ்யமாகி மற்றவை 10 சதவீதம் ஏறினால் 35,000 நஷ்டம். அதே பணம் இருபது பங்குகளில் இருந்தால், ஒன்று பூஜ்யமான பிறகும் 9,000 லாபம். பெரிய கம்பெனி அப்படியெல்லாம் விழாது என்று சொல்பவர்களுக்கு சத்யம் என்ற ஐடி கம்பெனி ஞாபகம் இருக்கட்டும். 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளிவந்தபோது அது நிஃப்டியில் இருந்த பங்கு. ஒரே நாளில் 75 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மியூச்சுவல் ஃபண்ட் திட்டங்களுக்கே ஒரு கம்பெனிப் பங்கில் 10 சதவீதம்தான் வரம்பு என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி வைத்திருக்கிறது. நமக்கு 5 முதல் 8 சதவீதம் போதும்.

படி 4: எண்ணிக்கை

ஏழெட்டுத் துறைகளில் 15 முதல் 20 பங்குகள். அதற்கு மேல் போனால் பாதுகாப்பு கூடுவது கொஞ்சம்தான், வேலை மட்டும் கூடிக்கொண்டே போகும். அறுபது பங்கு என்றால் வருடத்துக்கு 240 காலாண்டு முடிவுகள், யார் படிப்பது? எல்லாவற்றிலும் சமமாகப் போட்டிருந்தால், அதில் ஒரு பங்கு இரட்டிப்பானாலும் மொத்தத்தில் 1.7 சதவீதம்கூட ஏறாது. பதினைந்தையே கவனிக்க நேரமில்லை என்றால் இண்டெக்ஸ் ஃபண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஒன்று மட்டும்: சந்தையே விழும்போது இந்தப் பரவல் காப்பாற்றாது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் இறங்கியது, எந்தத் துறையும் தப்பவில்லை. அவசரப் பணம் எஃப்டியில் தனியாக இருக்க வேண்டும்.

படி 5: மெதுவாகச் சரிசெய்யுங்கள்

அதிகமாக இருப்பதை உடனே விற்க ஓடாதீர்கள். வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்குப் பிறகு என்றால், நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். அதனால் மாதாமாதம் போடும் புதுப் பணத்தைக் குறைவாக உள்ள துறைகளுக்குத் திருப்புங்கள். அப்படியும் வரம்புக்குள் வராததை மட்டும் மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று விற்றால் இரண்டு நிதியாண்டுகளின் 1.25 லட்ச விலக்கும் கிடைக்கும்.