கேரள வக்கீல் குழித்துறை கோர்ட்டில் ஆஜராக என்ன செய்ய வேண்டும்?

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா, இந்தப் பக்கம் இருக்கும் தம்பி மேல் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார். சொத்து இங்கே, அதனால் வழக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில். அக்காவுக்கு நம்பிக்கையான வக்கீலோ நெய்யாற்றின்கரைக்காரர். "அவரு இங்க வந்து வாதாடலாமா சார்?" என்று மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். தாராளமாக வாதாடலாம்.

முதலில் சட்டம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி, எந்த மாநில பார் கவுன்சிலில் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு செய்தவரும் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் தொழில் செய்யலாம். (அந்தப் பிரிவு அமலுக்கு வந்தது 2011 ஜூன் 15-இல்தான். ஐம்பது வருடம் தூங்கியிருக்கிறது!) அமெரிக்காவில் வெளிமாநில வக்கீல் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும், பெரும்பாலும் உள்ளூர் வக்கீல் ஒருவரும் கூட நிற்க வேண்டும். இங்கே அந்த மனு கிடையாது. ஆனால் 34-வது பிரிவின்படி உயர் நீதிமன்றங்கள் தனி விதி வகுக்கலாம். வெளிமாநில வக்கீல் உள்ளூர் வக்கீலோடு சேர்ந்துதான் ஆஜராக வேண்டும் என்ற அலகாபாத் உயர் நீதிமன்ற விதியை 2016-இல் உச்ச நீதிமன்றமே சரி என்றது. ஆகவே மேல்முறையீடு எங்கே போகிறதோ அங்குள்ள விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வக்காலத்து, அதாவது தன் சார்பில் ஆஜராகக் கட்சிக்காரர் வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். சிக்கல் எல்லாம் இங்கேதான். வழக்கில் ஏற்கெனவே ஒரு வக்கீல் இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். அவர் தராவிட்டால், காரணம் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அனுமதி கிடைத்த பிறகுதான் புதியவர் ஆஜராகலாம். பார் கவுன்சில் விதி அப்படி. பழைய வக்கீலிடம் நேரில் போய், பீஸ் பாக்கியைத் தீர்த்து, நல்லபடியாகப் பேசி வாங்குவதே மேல். ஆள் விட்டுக் கேட்டால் கோபம்தான் மிஞ்சும்.

வக்காலத்துப் படிவத்தில் கட்சிக்காரர் கையெழுத்து, வக்கீல் ஏற்றுக்கொண்ட கையெழுத்து, பதிவு எண், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். கேரள எண் 'கே' என்று தொடங்கும், நம்முடையது 'எம்எஸ்'. அதில் ஒட்டும் வக்கீல்கள் நல நிதி முத்திரை (ஸ்டாம்ப்) தமிழ்நாட்டுடையதாக இருக்கட்டும். கையிலிருக்கும் கேரள முத்திரையை ஒட்டிக்கொண்டு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இளம் வக்கீல்களுக்கு ஒரு வார்த்தை: 2009-10 கல்வியாண்டிலோ அதற்குப் பிறகோ சட்டப் படிப்பு முடித்தவர் என்றால் அகில இந்திய பார் தேர்வுச் சான்றிதழின் நகலும் பையில் இருக்கட்டும்.

அப்புறம் மொழி. இங்கே சாட்சியம் தமிழில் பதிவாகும். பேசினால் புரியும், எழுத்துதான் தகராறு என்பவர்கள் ஓர் உள்ளூர் ஜூனியரின் பெயரையும் அதே வக்காலத்தில் சேர்த்துவிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் மழை நாளில் பஸ் கிடைக்காமல் வாய்தா தவறினால் கூப்பிட்டதும் எழுந்து நிற்க ஓர் ஆள் வேண்டுமே.

மறுபக்கம், கேரள வக்கீலுக்கென்றே ஒரு வசதி உண்டு. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பழைய பிரமாணங்கள் (சொத்துப் பத்திரங்கள்) பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். 1118 என்று கண்டால் நம்மூர் ஜூனியர் முழிப்பார். வந்தவர் 1942-43 என்று பட்டென்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது மொழிபெயர்ப்பும் கூட வைக்க வேண்டும்.

ஒரு வழக்கோடு நிற்காமல் இங்கேயே தங்கித் தொழில் பார்க்க நினைத்தால், 18-வது பிரிவின் கீழ் பெயரைத் தமிழ்நாட்டுப் பட்டியலுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அந்த மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இருந்தாலோ, விண்ணப்பம் நேர்மையான நோக்கத்தோடு செய்ததல்ல என்று தோன்றினாலோ நிராகரிக்கலாம்.