போண்டிங் செய்த பல்லை உமிக்கரியால தேய்க்காதேங்கோ

எங்கட பக்கம் இப்ப முன்பல்லு செய்விக்கிற ஆக்கள் கூடிட்டினம். வவுனியாப் பக்கம் சில இடத்துக் கிணத்துத் தண்ணியில ஃபுளோரைட் கூட, அதால சின்ன வயசிலயே பல்லில மண்ணிறப் புள்ளி விழுந்திடும், அதை மறைக்கத்தான் கொம்போசிட் போண்டிங் (பல்லு நிறத்தில பசை மாதிரிப் பூசி இறுக வைக்கிறது), கொஞ்சம் வசதியெண்டா போர்சலின் வெனியர் (பல்லுக்கு முன்னால ஒட்டுற மெல்லிய பீங்கான் தகடு). செய்விக்கிறது நல்லம், பிழை நடக்கிறது அதுக்குப் பிறகு வீட்டில.

என்ர தங்கச்சி கலியாணத்துக்கு முதல் ரெண்டு முன்பல்லுக்குப் போண்டிங் செய்தவ. நாலு மாசத்தில பல்லும் போண்டிங்கும் சேருற இடத்தில மயிர் மாதிரி ஒரு மண்ணிறக் கோடு. வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லாமல் அம்மம்மான்ர உமிக்கரியை எடுத்து ஒரு கிழமையாத் தேய்ச்சிருக்கிறா, கோடு போகேல்ல, பளபளப்புத்தான் போச்சு. யன்னல் வெளிச்சத்தில பாக்க மெல்லிய கீறல் கீறலாத் தெரிஞ்சுது, அதுக்குள்ள தேத்தண்ணிச் சாயம் இறங்கி முந்தினதை விட மோசம்.

கொம்போசிட் எண்டது ரெசின், ஒருவகைப் பிளாஸ்டிக் மாதிரி, பல்லின்ர மேல்படையான எனாமல் மாதிரி உறுதி இல்லை. உமிக்கரி, கடையில விக்கிற சார்க்கோல் பேஸ்ட் எல்லாம் அதைக் கீறும், கீறின இடம் இன்னும் சாயம் பிடிக்கும், அதைப் பாத்துத் திரும்பவும் தேய்ப்பம். மெதுவான பிரஷும் சாதாரண ஃபுளோரைட் பேஸ்டும் காணும்.

மற்றப் பிழை, மஞ்சளாப் போச்செண்டு வைட்னிங் ஜெல் வாங்கிப் பூசுறது. அது சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், கொம்போசிட்டும் போர்சலினும் நிறம் மாறாது, கடைசியில பக்கத்துப் பல்லு வெள்ளையா வர செய்த பல்லு தனிச்சுத் தெரியும். வெளுக்க விருப்பமெண்டா முதல்ல வெளுத்து, ரெண்டு கிழமை விட்டுப் போண்டிங் செய்யுங்கோ, உடன செய்தா சரியா ஒட்டாது.

செய்த முதல் ரெண்டு நாளும் பிளேன் டீ, கோப்பி, மஞ்சள் போட்ட கறி வேண்டாம். முரசு நோவுக்குத் தாற குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டொக்டர் சொன்ன நாளுக்கு மேல பாவிச்சாலும் மண்ணிறம் பிடிக்கும், கன பேருக்கு இது தெரியாது. வெத்திலை பாக்கு போடுறவை, தயவுசெய்து விடுங்கோ, கறை ஒரு பக்கம், வாய்ப் புற்றுநோய்க்கே அது காரணம்.

போர்சலின் எண்டா பயமில்லை எண்டு நினைக்கிறீங்களோ? அது லேசில சாயம் பிடிக்காதுதான், ஆனா விளிம்பில வெனியரை ஒட்டின பசை (சீமெந்து) சாயம் பிடிக்கும். பல்லு கிளீன் பண்ணப் போனா வெனியர் இருக்கெண்டு முதலே சொல்லிப் போடுங்கோ, கவனமில்லாமல் காரை எடுக்கிற ஸ்கேலிங் மெஷின் பட்டா விளிம்பு உடையலாம்.

கறை வந்திட்டுதெண்டா வீட்டு வைத்தியம் வேண்டாம், பல் டொக்டரிட்டக் காட்டுங்கோ. மேலால இருக்கிற கறை பொலிஷ் பண்ணப் போகும், உள்ளுக்கு இறங்கினதெண்டா அந்த இடத்தைச் சீவிப் புதுசாப் போடவேணும். தங்கச்சிக்குக் கீறல் பொலிஷோட போயிட்டுது, கோட்டுக்குத்தான் விளிம்பைச் சீவித் திரும்பப் போட்டவை. இப்ப தேத்தண்ணி குடிச்ச உடன தண்ணியால கொப்பளிச்சுப் போட்டுத்தான் எழும்புவா.