ஹாங்க்லி காமனில் சுவரையும் மண்ணையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி

லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரேயில் எல்ஸ்டெட், டில்ஃபோர்ட் ஊர்களை ஒட்டி இருக்கிறது ஹாங்க்லி காமன் என்ற திறந்த புதர்வெளி. பலர் அங்குள்ள போர்க்காலச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் சுவருக்குப் போகாதீர்கள். மணல் பாதையில் நின்று சுற்றிலும் பாருங்கள். வெண்கலக் காலத்திலிருந்து மனிதர்கள் காட்டை வெட்டி, ஆடு மாடு மேய்த்ததால் உருவான வெளி இது. சத்தில்லாத புளிப்பு மணலில் ஊதாப் பூப் பூக்கும் குறுஞ்செடியான ஹெதரும் முட்புதரான கோர்ஸும்தான் செழிக்கும். அப்படியே விட்டால் சில பத்தாண்டுகளில் பைன், பிர்ச் மரங்கள் மூடிவிடும். பைன் கன்றுகளைப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் கோபப்படாதீர்கள், அவர்கள் செய்வது நல்ல காரியம்.

அப்புறம் சுவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் மேற்குக் கடற்கரை நெடுக ஹிட்லர் எழுப்பிய அட்லாண்டிக் அரணை உடைக்கப் பழகுவதற்காக, அதன் மாதிரியாக 1943இல் கனடியப் படையினர் கட்டியது. நீளம் சுமார் 100 மீட்டர், உயரம் 3 மீட்டர், தடிமன் 3.5 மீட்டர். வெடி வைத்துப் பிளந்த இரண்டு இடங்களையும் தேடிப் பாருங்கள். ஒன்றின் உள்ளே நின்று பக்கவாட்டில் பார்த்தால், கான்கிரீட்டிலிருந்து கம்பிகள் முறுக்கிக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும். அடுத்த ஆண்டு ஜூனில் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கப்போகிறவர்களுக்கான ஒத்திகை இது. அருகிலேயே டாங்கிகளைத் தடுக்கும் கான்கிரீட் கட்டைகளும் கிடக்கின்றன.

இப்போது சுவருக்கு இன்னும் கிட்டே போங்கள். கான்கிரீட்டில் சுண்ணாம்பு இருக்கிறது. சுற்றியுள்ள புளிப்பு மணலில் பிழைக்க முடியாத பாசிகளும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்களும், பெரணிகளும் அதைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. சுவரைத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் ஏறாதீர்கள், சுரண்டாதீர்கள்.

நிலம் இன்றும் பாதுகாப்பு அமைச்சகத்துடையது. படைப் பயிற்சி நிலமாக இருந்ததால்தான் வீடுகள் வந்து விழுங்கவில்லை என்பது என் கணிப்பு. மணல் பல்லி முட்டையிட வெயில் படும் வெறும் மணல் வேண்டும். அதனால் பாதையோரத்து மணல் திட்டுகளை மிதிக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை வெயிலில் ஹெதர் விளிம்பைக் கவனித்தால், பக்கவாட்டில் பச்சை பளபளக்கும் ஆண் பல்லி கண்ணில் படலாம். ஹெதரின் ஊதாப் பூ வேண்டுமென்றால் ஆகஸ்டில் வாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் இரவுப் பறவையான பக்கியின் விடாத 'டர்ர்ர்' ஒலி கேட்க வேண்டுமென்றால் ஜூன் மாத அந்தியில் வாருங்கள்.

பக்கியும் வானம்பாடியும் தரையில் கூடு கட்டுபவை. மார்ச்சிலிருந்து ஜூலை வரை நாயைக் கட்டாயம் கயிற்றில் பிடியுங்கள். படைப் பயிற்சி நடந்தால் அறிவிப்புப் பலகை சொல்வதைக் கேளுங்கள். தரையில் கிடக்கும் உலோகப் பொருள் எதையும் எடுக்காதீர்கள். நெருப்பு வேண்டவே வேண்டாம்: 2020இல் பக்கத்துத் தர்ஸ்லி காமன் பெரிய அளவில் எரிந்தது.

நீளக் கால்சட்டை போட்டு, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்காலுக்குப் பின்புறம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.