நெதர்லாந்துக் கிராமத்தில் வாடகை வீடு: புதிதாக வருபவர்களுக்குப் படிப்படியான வழி

வெல்ட்ஹோவனில் உள்ள ஏஎஸ்எம்எல்லிலோ, ஐன்ட்ஹோவனைச் சுற்றியுள்ள மற்ற நிறுவனங்களிலோ வேலை கிடைத்து வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் நகரத்துக்குள்ளேயே வீடு தேடுகிறார்கள். ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து குடும்பங்கள் போட்டி போடும். கொஞ்சம் தள்ளி நூனன், ஹேஸ, ஓர்ஸ்ஹொட் மாதிரி அமைதியான ஊர்கள் இருக்கின்றன. பின்புறம் தோட்டம், பிள்ளைகள் நடந்தே போகும் பள்ளி, இரவில் சத்தமே இல்லாத தெரு என்று வாழ ஆசையிருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். தென் நெதர்லாந்தின் பிரபாண்ட் பகுதியை வைத்து எழுதுகிறேன். சட்டங்கள் நாடு முழுவதும் ஒன்றுதான்.

படி 1: வீட்டுக்கு முன்னால் ஊரைப் பாருங்கள்

அழகான வீட்டுப் படத்தைப் பார்த்து மயங்கி, பேருந்து இல்லாத ஊரில் மாட்டிக்கொள்வது மிகச் சுலபம். ஹேஸ, ஹெல்ட்ராப் இரண்டிலும் ரயில் நிலையம் இருக்கிறது. ஹேஸயிலிருந்து ஸ்ப்ரின்டர் ரயிலில் கால் மணி நேரத்துக்குள் ஐன்ட்ஹோவன் வந்துவிடலாம். வான்கோ இரண்டு ஆண்டு வாழ்ந்த நூனனில் ரயில் நிற்பதில்லை. பேருந்துதான், இல்லையென்றால் சைக்கிள். இன்னும் சிறிய ஊர்களில் 'பியூர்ட்பஸ்' என்ற சிற்றுந்து ஓடும். ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக ஓட்டுவது. எட்டுப் பேர்தான் உட்காரலாம். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பெரும்பாலும் இருக்காது.

அதனால் 9292 என்ற பொதுப் போக்குவரத்துச் செயலியில் அந்த முகவரியைப் போட்டு மூன்று நேரங்களைத் தேடுங்கள்: வேலைநாள் காலை 7 மணி, இரவு 10 மணி, ஞாயிறு மதியம். மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் மேலே போங்கள்.

அதே நாளில் ஊரின் மருத்துவருக்கு, அதாவது 'ஹவுஸ்ஆர்ட்ஸ்' ஒருவருக்கு, போன் செய்து புது நோயாளிகளைச் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். இங்கே மருத்துவர்கள் அஞ்சல் குறியீட்டைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். ஊரில் ஒரே மருத்துவமனை இருந்து அதுவும் நிரம்பியிருந்தால், கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு அது பெரிய கஷ்டம்.

படி 2: எங்கே தேடுவது

வீடு தேடும் இணையதளங்களான ஃபுண்டா, பராரியஸ் இரண்டிலும், புது வீடு வந்தால் தகவல் வரும்படி அறிவிப்பு வைத்துவிடுங்கள். ஆனால் கிராமத்து வீடுகளில் பல அங்கே வருவதற்கு முன்பே போய்விடும். ஊரில் இருக்கும் வீட்டுத் தரகரிடம், 'மாக்கலார்' என்பார்கள், நேரில் போய்ப் பெயர் கொடுப்பது நல்லது. அலுவலகத்தில் அந்த ஊரிலிருந்து வருபவர் யாராவது இருந்தால் அவரிடமும் சொல்லி வையுங்கள். கிராமத்தில் வாய்வழிச் செய்திக்கு இன்னும் நல்ல மதிப்பு இருக்கிறது.

வீட்டு வசதிக் கழகங்களின் மலிவு வீடுகளுக்கு வருமான உச்சவரம்பும் பல வருடக் காத்திருப்பும் உண்டு. இப்போது வந்து இறங்கியவர்கள் அதை நம்பியிருக்க முடியாது.

படி 3: விளம்பரத்தை வாசிப்பது எப்படி

வாடகைக்குப் பக்கத்தில் மூன்று சொற்களில் ஒன்று இருக்கும். 'கால்' என்றால் வெறும் சுவர்தான்: தரைவிரிப்பு, திரைச்சீலை, சில சமயம் விளக்குகூட இருக்காது. 'ஹெஸ்டொஃபேர்ட்' என்றால் தரையும் திரையும் போட்டிருக்கும். 'ஹெமெபிலேர்ட்' என்றால் கட்டில், சோபா உட்பட எல்லாம். முதல் வகையில் வாடகை குறைவுதான், ஆனால் மூன்று மாடிக்குத் தரை போடும் செலவைக் கூட்டிப் பாருங்கள். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போகும் தரையையும் திரையையும் நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளும் 'ஓவர்நாம' வழக்கமும் உண்டு.

எரிசக்தித் தரச் சின்னத்தையும் பாருங்கள். தனியாக நிற்கும் பழைய வீட்டுக்கு F, G போன்ற கடைசித் தரம் என்றால் குளிர்காலத்தில் எரிவாயுக் கட்டணம் கழுத்தை நெரிக்கும். வரிசை வீட்டில் இருபுறமும் அண்டை வீடுகள் இருப்பதால் வெப்பம் அவ்வளவு வீணாகாது. முதல்முறை வாடகைக்குப் போகிறவர்களுக்கு வரிசை வீட்டைத்தான் சொல்வேன்.

படி 4: காகிதங்கள்

சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு, வேலை கொடுப்பவரின் சான்று, வேலை ஒப்பந்தம், அடையாள அட்டை நகல். மொத்தச் சம்பளம் வாடகையைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். கணவன், மனைவி இருவரும் வேலையில் இருந்தால் இரண்டு சம்பளத்தையும் காட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக வைத்திருந்தால் வீடு பார்த்த அன்று மாலையே அனுப்பிவிடலாம். முடிவு அந்த வேகத்தில்தான் ஆகிறது.

பாஸ்போர்ட் நகல் அனுப்பும்போது அரசாங்கத்தின் கோபிஐடி செயலியால் பிஎஸ்என் என்ற குடிமக்கள் அடையாள எண்ணை மறைத்து, யாருக்காக எந்தத் தேதியில் கொடுத்தது என்று குறுக்கே எழுதி அனுப்புங்கள். அந்த எண் வீட்டு உரிமையாளருக்குத் தேவையே இல்லை.

படி 5: நேரில் பார்ப்பது

படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்கள் என்றால் கீழ்த்தளத்தில் கழிப்பறை இருக்கிறதா, படுக்க ஒரு அறை கிடைக்குமா என்று பாருங்கள். அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே சுற்றவிடுகிறதா என்று கேளுங்கள். தினமும் தாளிக்கிற நமக்கு இரண்டாவது வகை ஒத்துவராது. குளியலறை மூலைகளில் பூஞ்சை இருக்கிறதா? ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா? 2022 ஜூலை 1 முதல் அது கட்டாயம்.

படி 6: ஒப்பந்தமும் பணமும்

இங்கேதான் நிதானம் வேண்டும். வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல், எழுத்து ஒப்பந்தம் கையில் இல்லாமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போடுங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவர் மோசடிக்காரர். சந்தேகம் வந்தால் நிலப்பதிவு அமைப்பான கடாஸ்டரில் சிறிய கட்டணம் கட்டி, அந்த முகவரிக்கு உரிமையாளர் யார் என்று பார்த்துவிடலாம்.

சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே நிற்கிறது. 2023 ஜூலை 1க்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் முன்பணம் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக்கூடாது. உரிமையாளருக்காக வேலை செய்யும் தரகர் உங்களிடமும் கட்டணம் கேட்கக்கூடாது. 2024 ஜூலை 1 முதல் காலவரையறை இல்லாத ஒப்பந்தமே பொது விதி. மாணவர்கள் போன்ற சிலருக்கும், வெளிநாடு போய்த் திரும்பி வரப்போகும் உரிமையாளரின் வீட்டுக்கும் விலக்கு உண்டு. இந்தப் பகுதியில் இரண்டாவது வகை வீடுகள் நிறைய வரும். திரும்பும் தேதி ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் புள்ளிக் கணக்கு. வீட்டின் பரப்பு, எரிசக்தித் தரம், சமையலறை, சொத்து மதிப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு வாடகை உச்சவரம்பை முடிவு செய்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் புது ஒப்பந்தத்தோடு இந்தக் கணக்கையும் உரிமையாளர் தர வேண்டும். 186 புள்ளி வரை உச்சவரம்பு கட்டாயம். 186 புள்ளி வீட்டுக்கு 2025இல் அது மாதம் 1,184.82 யூரோ. அதற்கு மேல் போனால் சந்தை விலைதான். ஹூர்கொமிஸி என்ற வாடகைத் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடுதலாக வாங்குவது தெரிந்தால் 25 யூரோ கட்டி அங்கேயே முறையிடலாம். சந்தை விலை என்று சொல்லிக் கொடுத்த வீடாக இருந்தால், குடியேறிய முதல் ஆறு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். இதைக் கேட்டால் உரிமையாளர் கோபப்படுவாரோ என்று நம் ஆட்கள் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை, கேட்பது இங்கே சாதாரண விஷயம்.

குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். அதன்பின் நீங்கள் காலி செய்யப் பொதுவாக ஒரு மாத முன்னறிவிப்பு போதும்.

படி 7: சாவி வாங்கும் நாள்

மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுங்கள். ஒவ்வொரு அறையின் சுவர், தரை, கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து, கீறல்களை ஒப்படைப்பு அறிக்கையில் எழுதச் சொல்லி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிரதியை வாங்கி வையுங்கள். காலி செய்யும்போது முன்பணம் 14 நாளில் திரும்ப வர வேண்டும்; பிடித்தம் இருந்தால் கணக்கோடு 30 நாளில். அன்றைக்குப் பேசப்போவது இந்தப் படங்கள்தான்.

படி 8: முதல் வாரம்

வெளிநாட்டிலிருந்து வந்து நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் ஐந்து நாளுக்குள் ஊர் நிர்வாகமான ஹெமேன்டெயில் பதிய வேண்டும். அதற்கான நேரத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முகவரியில் பதியக்கூடாது என்று சொல்லும் வீட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், எடுக்காதீர்கள். இந்தியாவிலிருந்து வருபவர்கள் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு, வெளிநாட்டில் ஏற்றுக்கொள்ள வைக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கி வர வேண்டும். தமிழ்நாட்டுப் பழைய பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. கிளம்புவதற்கு முன் ஊரில் பெயரைச் சேர்த்து, ஆங்கிலத்திலும் உள்ள பிரதியாக வாங்கிவிடுங்கள்.

பிரபாண்டில் தண்ணீருக்கு பிரபாண்ட் வாட்டர். மின்சார நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். குப்பை வரியும் நீர்வாரிய வரியும் தனியாக வரும், வாடகையில் சேராது. எந்தத் தொட்டி எந்த நாளில் எடுக்கப்படும் என்ற நாட்காட்டி ஹெமேன்டெ இணையதளத்தில் கிடைக்கும்.

இருபுறமும் உள்ள வீடுகளுக்கு முதல் வாரத்திலேயே போய்க் கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி அறிமுகமாகிவிடுங்கள். டச்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை துளையிடும் எந்திரம், புல்வெட்டி எதையும் எடுக்காதீர்கள். விருந்து வைத்தால் இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது உங்கள் தபாலை எடுத்து வைப்பதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர்கள்தான்.