லோக்கல் ஓனர்ஷிப்னு சொல்லிட்டு செய்யற தப்புகள்: கிழக்கு திமோர்ல நடந்தது

போர் முடிஞ்ச நாட்டுல கோர்ட், போலீஸ், சட்டம் எல்லாத்தையும் திரும்ப கட்டித் தரோம்னு ஐநாவும் டோனர் நாடுகளும் வந்து இறங்கும்போது "லோக்கல் ஓனர்ஷிப்"ங்கற வார்த்தை அடிக்கடி வரும். அதாவது அந்த நாட்டு மக்கள்தான் முடிவெடுக்கணும், வந்தவங்க துணைக்கு மட்டும்தான். ரொம்ப சரியான கொள்கை, ஆனா எங்கெல்லாம் சறுக்குதுன்னு புரிஞ்சுக்க கிழக்கு திமோரை பாத்தாலே போதும்.

முன்னாடி போர்த்துகீஸ் காலனியா இருந்து, 1975ல இந்தோனேசியா புடிச்சுக்கிட்ட சின்ன நாடு அது. 1999 ஆகஸ்ட் 30ல ஐநா நடத்தின வாக்கெடுப்புல 78.5 சதவீதம் பேர் விடுதலை பக்கம் ஓட்டு போட்டாங்க, உடனே இந்தோனேசிய ராணுவ ஆதரவு மிலிஷியாக்கள் ஊர் ஊரா கொளுத்தினாங்க. அக்டோபர்ல ஐநா நிர்வாகம் வந்துச்சு, சட்டம் போடறது, ஆட்சி, நீதித்துறை எல்லாமே அது கையிலதான். இந்தோனேசிய ஜட்ஜுங்க கிளம்பிப் போயிட்டாங்க, திமோர்காரங்கள்ல அதுவரைக்கும் ஜட்ஜா இருந்தவங்க ஒருத்தர்கூட இல்ல, சட்டம் படிச்சவங்க யாராவது இருந்தா வாங்கன்னு விமானத்துல இருந்து நோட்டீஸ் போட்டாங்க! 2000 ஜனவரில முதல் ஜட்ஜுங்க பதவி ஏத்துக்கிட்டாங்க.

முதல் தப்பு இங்கதான். நாற்காலில உள்ளூர் ஆளை உக்கார வெச்சாச்சு, ஓனர்ஷிப் வந்துடுச்சுன்னு நினைக்கறது. போதுமான பயிற்சி இல்ல, எந்த சட்டம் எப்படி பொருந்தும்ங்கறதை எழுதினதும் ஐநாதான். 2002 அரசியல் சாசனம் போர்த்துகீசையும் தேதுன்ங்கற உள்ளூர் மொழியையும் ஆட்சிமொழி ஆக்குச்சு, ஆனா இந்த ஜட்ஜுங்க சட்டம் படிச்சதே இந்தோனேசிய மொழில. 2005 தொடக்கத்துல நடந்த மதிப்பீட்டுல திமோர் ஜட்ஜுங்க 22 பேருமே ஃபெயில், வழக்கெல்லாம் வெளிநாட்டு ஜட்ஜுங்க கைக்கு போச்சு. மொழி மட்டுமே காரணம் இல்ல, அனுபவக் குறைவும்தான், ஆனா அந்த அனுபவம் வர்றதுக்கு யாரும் நேரம் குடுக்கலயே.

போர்த்துகீசை தேர்ந்தெடுத்தது வெளிநாட்டுக்காரங்க இல்லங்கறதையும் கவனிங்க, அது திமோரோட மூத்த தலைமுறை தலைவர்கள் எடுத்த முடிவு, இந்தோனேசிய ஆட்சில பள்ளிக்கூடம் போன இளைஞர்கள் நிறைய பேருக்கு அந்த மொழியே தெரியாது. "உள்ளூர்"னா ஒரே குரல்னு எடுத்துக்கறதுதான் எல்லாத்தையும் விட பெரிய தப்புன்னு நான் நினைக்கறேன்.

கிராம வழக்கத்தை பத்தியும் ரெண்டு பக்கமும் தப்பு பண்றாங்க, ஒண்ணு அதெல்லாம் சட்டமே இல்லன்னு ஒதுக்கறது, இல்லன்னா தலைல தூக்கி வெச்சு ஆடறது. இந்தோனேசிய காலத்து கொடுமைகளை விசாரிக்க போட்ட திமோரோட உண்மை ஆணையம் வீடு எரிச்சவங்க, திருடினவங்கள கிராமத்துலயே பாய் விரிச்சு, லியா நாயின்ங்கற பெரியவங்க முன்னாடி உக்கார வெச்சு, நடந்ததை ஒத்துக்க வெச்சு, மன்னிப்போ ஊர் வேலையோ ஈடோ செய்ய வெச்சுது, 1,371 பேர் இதை முடிச்சாங்க. அருமையான வேலை. ஆனா வீட்டுக்குள்ள அடி வாங்கற பொண்ணுக்கு அதே வழக்கம் குடும்பங்களுக்குள்ள ஈடு பேசி முடிக்கறதோட நின்னுடும், அதான் 2010ல குடும்ப வன்முறைக்கு தனிச் சட்டம் தேவைப்பட்டுச்சு. கொலையும் பாலியல் வன்முறையும் கோர்ட்டுக்குதான்னு ஒதுக்கி வெச்சாங்க, அங்க 84 பேருக்கு தண்டனை கிடைச்சுது, குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க இந்தோனேசியால இருந்தாங்க, அந்த நாடு அவங்கள ஒப்படைக்கவே இல்ல. சின்ன ஆளுங்க ஊர் முன்னாடி தலை குனிஞ்சாங்க, உத்தரவு போட்டவங்களை யாரும் தொடல.

2003ல, 1999 வன்முறை நேரத்துல இந்தோனேசிய ராணுவத் தலைவரா இருந்த ஜெனரல் விராந்தோ மேல குற்றப்பத்திரிகை வந்துச்சு, அடுத்த வருஷமே திமோர் அதிபர் சனானா குஸ்மாவ் அவரை சந்திச்சு கட்டிப் பிடிச்சாரு. பெரிய பக்கத்து நாட்டோட சமாதானமா வாழணும்ங்கற அவரோட கவலை எனக்கு புரியுது, ஆனா பிள்ளையை பறிகொடுத்த அம்மாவும் லோக்கல்தானே? 2014 அக்டோபர்ல நாடாளுமன்றமும் அரசும் வெளிநாட்டு ஜட்ஜுங்களை வெளியேத்தினாங்க, அமைச்சர்கள் மேல ஊழல் வழக்கு இருந்த நேரம் அது. தலைவர்கள் சொல்றதையே மக்கள் விருப்பம்னு எழுதிக்கற ஐநா மிஷன் கடைசில அதிகாரத்துல இருக்கறவங்களுக்குதான் கவசமா நிக்கும்.

இலங்கைலயும் இதான் நடந்துச்சு. 2015ல, போர்க்கால குற்றங்களை விசாரிக்கறதுல வெளிநாட்டு ஜட்ஜுங்க பங்கேற்பை பத்தி பேசற ஐநா மனித உரிமைப் பேரவையோட ஜெனீவா தீர்மானத்துக்கு இலங்கை அரசே இணை அனுசரணை குடுத்துச்சு, பின்னாடி தலைவர்கள் அதெல்லாம் முடியாது, உள்ளகப் பொறிமுறைதான், அதாவது உள்நாட்டு விசாரணை மட்டும்தான்னு சொன்னாங்க. ஆனா மக்கள்கிட்ட போய் கேக்க அதே அரசு போட்ட கலந்தாலோசனை செயலணி 2017 ஜனவரில குடுத்த அறிக்கை உள்நாட்டு, வெளிநாட்டு ஜட்ஜுங்க சேர்ந்து உக்கார்ற கலப்பு நீதிமன்றம்தான் வேணும்னு சிபாரிசு பண்ணுச்சு. உள்ளூர் மக்களே வெளி ஜட்ஜ் வேணும்னு கேட்டா அதுவும் லோக்கல் முடிவுதான், அதை "வெளிநாட்டுத் தலையீடு"னு தள்ளி விட யாருக்கும் உரிமை இல்ல.