ராணுவம் உண்மையிலேயே விலகுகிறதா? கணிக்க ஒரு வழிகாட்டி

பல்லாண்டுகள் ராணுவத்தின் பிடியில் இருந்த ஒரு நாடு தேர்தல் நடத்தி, அரசியல் கைதிகளை விடுவித்து, வெளிநாட்டுத் தலைவர்களை வரவேற்கத் தொடங்கும்போது, அந்த மாற்றம் நிலைக்குமா என்பதைத் தலைப்புச் செய்திகளைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதற்கு 2011 முதல் 2021 வரையிலான மியான்மர் நல்ல பாடம்.

முதலில் அரசமைப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்போது, எப்படி நிறைவேறியது என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நர்கிஸ் புயல் ஐராவதி கழிமுகத்தைச் சூறையாடி எட்டே நாள் ஆகியிருந்த நிலையில், 2008 மே 10 அன்று மியான்மரின் ராணுவ அரசு பொதுவாக்கெடுப்பைத் தொடங்கியது. பெரும் பாதிப்புக்குள்ளான பகுதிகளுக்கு மட்டும் இரண்டு வாரம் தவணை கொடுத்தது. அந்தச் சட்டத்தின்படி நாடாளுமன்றத்தின் 25 விழுக்காட்டு இடங்கள் ராணுவத்துக்குரியவை. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 விழுக்காட்டுக்கும் மேலான ஆதரவு வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தளபதியின் சம்மதமின்றி அவற்றில் எதையும் மாற்ற முடியாது என்பது விளங்கும்.

அடுத்து, காவல்துறையும் கீழ்மட்ட நிர்வாகமும் யார் கையில் உள்ளன என்று பாருங்கள். செய்தியாளர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுவே. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சர்களையும் தலைமைத் தளபதியே முன்மொழிந்தார். நகர அலுவலகங்கள் வரை நீண்டு, நில நிர்வாகத்தையும் வரி வசூலையும் கவனித்த பொது நிர்வாகத் துறையும் 2018-இன் இறுதிவரை அந்த உள்துறையின் கீழேயே இருந்தது. 2015 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்ற பிறகும், ஊர்ப்புறத்தில் மக்கள் மனுவோடு போய் நின்ற அதிகாரி ஒரு ராணுவ அமைச்சருக்கே பதில் சொல்ல வேண்டியவராக இருந்தார்.

பணம் எங்கே போகிறது என்பதையும் விசாரியுங்கள். ஜப்பானின் பீர் நிறுவனமான கிரின் 2015-இல் மியான்மர் ப்ரூவரி என்ற பீர் ஆலையின் 55 விழுக்காட்டுப் பங்கை வாங்கியபோது, மீதி ராணுவத்தின் வணிக நிறுவனத்திடம் இருந்தது. ராணுவத்துக்குச் சொந்த வருமானம் இருக்கும்வரை, நாடாளுமன்றம் நிதியைக் காட்டி அதைக் கட்டுப்படுத்த முடியாது.

இதனால் தளர்வுகள் எல்லாம் நாடகம் என்று தள்ளிவிட வேண்டாம். 2012 ஏப்ரல் இடைத்தேர்தலில் சூச்சியின் கட்சி போட்டியிட்ட 44 இடங்களில் 43-ஐ வென்றது; அதே ஆண்டு ஆகஸ்டில் அச்சுக்கு முந்தைய தணிக்கை நீங்கியது; ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான டாலர் விலைபோன சிம் அட்டை 2014-இல் வெறும் 1,500 கியாட்டுக்கு (மியான்மர் நாணயம்) மலிவாகக் கிடைத்தது. மக்களின் அன்றாட வாழ்வு மெய்யாகவே மாறியது. ஆனால், அரசாணையால் வந்தவற்றையும் சட்டத்தால் உறுதிப்பட்டவற்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியுலக வரவேற்பை இறுதியில் எடைபோடுவதே முறை. ஒபாமா 2012-இல் யாங்கூன் வந்தார். 2014-இல் மியான்மர் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்குத் தலைமை வகித்தது. 2016 அக்டோபரில் அமெரிக்கா பெரும்பாலான பொருளாதாரத் தடைகளை நீக்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்குத் தப்பியோடினர். ஆகவே, தடை நீங்கும்போது பதிலுக்கு ராணுவம் எந்த அதிகாரத்தை விட்டுக்கொடுத்தது என்று கேளுங்கள்.

ஒப்பிட ஒரு நாடு வேண்டுமென்றால் இந்தோனேசியாவைப் பாருங்கள்: 1999-இல் அங்கே நாடாளுமன்றத்தில் ராணுவத்துக்கு 38 நியமன இடங்கள் இருந்தன, 2004-இல் ஒன்றும் இல்லை. மியான்மரிலோ, ராணுவ இடங்களைப் படிப்படியாகக் குறைக்கும் திருத்தம் 2020 மார்ச்சில் ராணுவ உறுப்பினர்களின் எதிர்ப்பால் தோற்றது.

அவசரநிலைப் பிரிவையும், குடியரசுத் தலைவர் இல்லாதபோது அவருடைய இடத்தில் அமர்பவர் யார் என்பதையும் மறவாமல் படித்துவிடுங்கள். 2021 பிப்ரவரி 1 அதிகாலை குடியரசுத் தலைவர் வின் மியின் கைதானார்; ராணுவம் முன்மொழிந்த துணைத் தலைவர் மியின் ஸ்வே அவருடைய இடத்தில் அமர்ந்து, அவசரநிலையை அறிவித்து, தலைமைத் தளபதி மின் ஆங் லைங்கிடம் ஆட்சியை ஒப்படைத்தார்.